மலையேற மறுத்த மோட்டார் வண்டி

நாகர்கோவிலிலிருந்து இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை, அழகியபாண்டியபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து மலையை நோக்கிச் செல்லும் சாலை, தடிக்காரன்கோணத்தைத் தாண்டியதும் தன் இயல்பை மாற்றிக்கொள்கின்றது. அதுவரை வயலும் வாழையும் தென்னையுமாக விரிந்திருந்த நாஞ்சில் நாடு அங்கே பின்தங்கிவிட, இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக எழுகின்றன. வளைவும் ஏற்றமும் தொடங்குகின்றன. அந்த வழியே ஏறிச் சென்றால் வருவதுதான் கீரிப்பாறை.

1964-ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலருக்கு இம்மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களே வாழ்வளித்தன. 1984-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு ரப்பர்க் கழகத்தின் தோட்டங்களுள் கீரிப்பாறையும் ஒன்று. என் அக்காளின் கணவர் தோட்டப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முற்றத்தில் 1986-ஆம் ஆண்டு அம்பாசிடர் வண்டி ஒன்று நிற்கின்றது. இரவு நேரத்தில் யாருக்கேனும் நெஞ்சு வலித்தாலும், பிரசவ வேதனை கண்டாலும், பாம்பு தீண்டினாலும், அக்கம்பக்கத்தார் முதலில் தட்டுவது அத்தான் வீட்டுக் கதவைத்தான்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு மாலைப்பொழுது, நாகர்கோவில் மருத்துவமனையிலிருந்து ஒரு இளந்தாயையும் பிறந்து நான்கே நாளான சிசுவையும் ஏற்றிக்கொண்டு அத்தான் திரும்பினார். நானும் உடனிருந்தேன். தடிக்காரன்கோணம் வரை நன்றாக ஓடிவந்த வண்டி, ஏற்றத்தில் மெல்ல மெல்ல வலுவிழந்தது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. இரண்டாம் கியர், முதல் கியர் என்று இறங்கி, இறுதியில் குலுங்கி நின்றது. கால் மணி நேரம் கழித்து உயிர்பெற்று, சிறிது தூரம் சென்று மீண்டும் நின்றது. இவ்வாறு மூன்று முறை. யானை நடமாட்டமுள்ள வழி, மழையோ ஓயவில்லை, குழந்தை அழுதுகொண்டிருந்தது. வீடு சேர்ந்தபோது எங்கள் உடலில் இருந்த ஈரம் மழையால் மட்டும் வந்ததன்று.

மறுநாள் முதல் பழுது பார்க்கும் படலம் தொடங்கிற்று. ஓரிடத்தில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். பின்னர் கார்புரேட்டரைப் பிரித்துப் புதிய உறுப்புகள் இட்டார்கள். பயன் இல்லை. முடிவில், “ரிங் தேய்ந்துவிட்டது, இஞ்சினை இறக்கிப் போர் செய்யவேண்டும், அறுபதாயிரம் ஆகும்” என்று தீர்ப்பு வந்தது. அதைக் கேட்ட அக்காள், ஒன்றும் பேசாமல் தம் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். “வண்டி இல்லாவிட்டால் ராத்திரி வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?” என்பது அவர்களின் கவலை.

அந்த வளையல்கள் அடகுக் கடைக்குச் செல்லாமல் தடுத்தவர், எழுபத்தைந்து வயதான ஒரு மெக்கானிக். ஊரார் அவரை ‘ஆசான்’ என்றே அழைக்கின்றனர். அவர் அன்று கையாண்ட முறையைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது பெரும் பணத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

ஆசானின் கேள்விகள்

ஆசான் வந்ததும் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து கேள்வி கேட்டார்.

“தம்பி, வண்டி எந்த இடத்துல வச்சு இழுவை விடுது?”

“தடிக்காரன்கோணம் தாண்டி ஏத்தம் தொடங்கினா, ஒரு பத்து நிமிசத்துல ஆசானே.”

“சமதரையில?”

“ஒரு குறையும் இல்ல.”

“நிறுத்திப் போட்டா?”

“கால் மணிக்கூர் போனா, ஒண்ணும் நடக்காதது மாதிரி ஓடும்.”

ஆசான் சிரித்தார். “தேஞ்சுபோன ரிங் கால் மணிக்கூர்ல வளருமா தம்பி? இஞ்சினுக்குச் சாப்பாடு போய்ச் சேரல்ல. இல்லைன்னா, சூட்டுல தீப்பொறி குறையுது. ரெண்டுல ஒண்ணு.”

ரிங் தேய்ந்த இஞ்சின் எப்பொழுதும் வலுக்குறைந்தே இருக்கும், நீல நிறப் புகை விடும், எண்ணெய் குடிக்கும். நேரம் சென்றபின் தோன்றி, ஓய்வு கொடுத்தால் மறையும் குறை வேறு இனத்தைச் சேர்ந்தது. ஒரு ஸ்பானரையும் தொடாமல், கேள்விகளாலேயே அவர் பாதி வழியைக் கடந்துவிட்டார்.

குறை இஞ்சினில்தானா?

எனினும் அவர் அவசரப்படவில்லை. வலுக்குறைவு என்று நாம் எண்ணுவது பல வேளைகளில் இஞ்சினின் குற்றமே அன்று. ஆகவே முதலில் வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் நிறுத்தி, எங்கள் இருவரையும் தள்ளச் சொன்னார். எளிதில் நகர்ந்தது. பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி இவ்வாறு உருளாது. சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் கைவைக்க முடியாதபடி சுடும்.

அடுத்தது கிளட்ச். இஞ்சினின் இரைச்சல் மட்டும் உயர்ந்து, வண்டியின் வேகம் உயராமல், கருகிய நாற்றம் வருமாயின் கிளட்ச் வழுக்குகின்றது என்று பொருள். எங்கள் வண்டியிலோ இரைச்சலும் சேர்ந்தே தாழ்ந்தது.

பின்னர், இஞ்சினை அணைத்துவிட்டு என்னை ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லி, கார்புரேட்டரின் வாயில் முழுவதும் திறக்கின்றதா என்று பார்த்தார். காலடியில் தடித்த விரிப்பு மடங்கிக் கிடந்தாலே வாயில் பாதிதான் திறக்குமாம். சோக் முழுவதும் மீள்கின்றதா, ஏர் பில்டர் தூசியால் அடைபட்டுள்ளதா என்பவற்றையும் பார்த்தார். இவையனைத்தும் ஒரு காசும் செலவில்லாத சோதனைகள்.

இஞ்சினின் தேவைகள்

பெட்ரோல் இஞ்சினுக்குத் தேவையானவை நான்கு: உரிய அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை; உரிய நேரத்தில் தீப்பொறி; கலவையை இறுக்கும் அழுத்தம்; எரிந்த புகை வெளியேறத் தடையற்ற வழி. அம்பாசிடரின் 1489 கன சென்டிமீட்டர் இஞ்சின் ஆனாலும், வேறெந்தப் பழைய இஞ்சின் ஆனாலும், வலுக்குறைவின் காரணம் இந்நான்கனுள் ஒன்றிலேயே அடங்கும்.

தீப்பொறியைப் பற்றி: கழற்றிய பிளக்கின் முனை இளம் பழுப்பு நிறமாயின் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங்கிலோ வால்விலோ கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இஞ்சினின் வேகத்திற்கேற்பத் தீப்பொறி முன்னதாக விழச் செய்யும் சிறு எடைகள் அதனுள் உள்ளன. அவை துருப்பிடித்து இறுகிவிட்டால், தீப்பொறி காலம் தாழ்ந்து விழுந்து, வண்டி சோர்ந்து சூடேறும். உள்ளிருக்கும் ரோட்டரைக் கையால் சிறிது திருப்பிவிட்டால் அது தானே சுருண்டு பழைய நிலைக்கு மீளவேண்டும். மழை மிகுந்த மலைப்பகுதியில் இன்னொரு சோதனையும் உண்டு. இருட்டில் பானெட்டைத் திறந்து, ஓடும் இஞ்சினை எதையும் தொடாமல் பார்த்தால், ஈரம் ஏறிய பழைய வயர்களிலிருந்து மின்பொறி கசிவது கண்ணுக்குத் தெரியும்.

அழுத்தத்தைப் பற்றி: “ரிங் போச்சுன்னு சொல்லியிருக்கானுவ, அளந்து பாக்காம நாம இல்லைன்னு சொல்லவும் கூடாது” என்றார் ஆசான். நான்கு பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திய நிலையில் இஞ்சினைச் சுற்றச் செய்து, அழுத்தமானியை ஒவ்வொரு துளையிலும் வைத்து அளந்தார். நான்கும் சதுர அங்குலத்திற்கு 115 முதல் 120 பவுண்டுக்குள் இருந்தன. இதில் எண்ணின் உயரத்தைவிட, நான்கும் ஒத்திருப்பதே முதன்மையானது. ஏதேனும் ஒன்று தாழ்ந்திருந்தால், அந்தத் துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அழுத்தம் உயர்ந்தால் ரிங் தேய்வு. உயராவிட்டால் வால்வுக் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் கிழிந்திருக்கும். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமலேயே எங்கள் இஞ்சினை இறக்கத் துணிந்திருந்தார்கள்!

புகைவழியைப் பற்றி: பழைய சைலன்சரின் உட்தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்து வழியை அடைத்துக்கொள்வதுண்டு. அப்போது சைலன்சர் முனையில் புகையின் விசை குன்றி, இஞ்சின் மூச்சு முட்டும். எங்கள் வண்டியில் புகை தாராளமாக வெளியேறிற்று.

ஏற்றத்தில் நடந்த சோதனை

எஞ்சியவை ஆசான் முதலில் சொன்ன இரண்டுமே: சூட்டில் சோரும் தீப்பொறி, அல்லது வந்துசேராத பெட்ரோல். சூடேறிய காயிலும் கண்டன்சரும் இதே போன்ற குறையைத் தரக்கூடும். குறை தோன்றும் அந்தக் கணத்திலேயே பார்த்தாலன்றி இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே நாங்கள் மூவரும் தடிக்காரன்கோணத்திற்கு இறங்கி, மீண்டும் ஏறினோம். வழக்கமான இடத்தில் வண்டி சோர்ந்தது. ஆசான் உடனே இறங்கி, முதலில் தீப்பொறியைப் பார்த்தார். நீல நிறத்தில் பளிச்சென்று பாய்ந்தது. அடுத்து, இஞ்சினின் பக்கத்தில் உள்ள பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார். அது ஏறக்குறைய வெறுமையாய் இருந்தது.

குற்றம் எரிபொருளின் பக்கம் என்பது உறுதியாயிற்று. ஆயினும் தொட்டி முதல் கார்புரேட்டர் வரை வழி நெடியது. டாங்க் மூடியில் காற்று உட்புகும் நுண்துளை அடைபட்டிருக்கலாம். அப்படியாயின் மூடியைத் தளர்த்தியதும் ‘உஸ்’ என்ற ஓசையுடன் காற்று உள்ளிழுக்கப்படும். தளர்த்திப் பார்த்தார், ஓசை இல்லை. பின்னர் இஞ்சின் நன்கு குளிரும் வரை காத்திருந்து, பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, மூடியுள்ள ஒரு சிறு கலத்திலிருந்து புதிய குழாய் வழியாகப் பம்புக்குப் பெட்ரோல் கொடுத்தார். வண்டி அந்த ஏற்றம் முழுவதையும் ஒரே மூச்சில் ஏறிற்று!

ஆசானின் அறிவுக்கூர்மை இங்கேதான் வெளிப்பட்டது. கலத்திலிருந்து கொடுத்தால் ஓடுகின்றது. ஆகவே பம்பும் கார்புரேட்டரும் குற்றமற்றவை. தொட்டியிலிருந்து எடுத்தால் ஓடவில்லை. ஆகவே தடை தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ளது. ஒரே சோதனையால் ஐயம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

(வாசகர்கள் இச்சோதனையைத் தாமே செய்ய முற்படவேண்டாம். சூடான இஞ்சினின்மேல் சிந்தும் சிறிதளவு பெட்ரோலும் வண்டியை எரித்துவிடும். பழகிய மெக்கானிக், திறந்த வெளி, தீயணைப்பான் ஆகிய மூன்றும் இல்லாமல் எரிபொருட் குழாயைத் தொடலாகாது.)

குற்றவாளி யார்?

வண்டியின் அடியில், தொட்டியிலிருந்து வரும் உலோகக் குழாயோடு இணைத்து ஒரு முழ நீளத்தில் ரப்பர்க் குழாய் ஒன்று இருந்தது. சென்ற மழைக்காலத்திற்கு முன் பழைய குழாய் வெடித்தபோது யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருந்தார்கள். ஆசான் அதைக் கழற்றி எங்கள் கையில் தந்தார். அது ஊறிப் பருத்து, கொழகொழவென்றிருந்தது. நறுக்கிப் பார்த்தபோது உள்வழி ஊசி நுழையும் அளவே இருந்தது. சமதரையில் இஞ்சின் கேட்கும் சிறிதளவு பெட்ரோல் அதன் வழியே வந்துவிடும். ஏற்றத்தில் இஞ்சின் மிகுதியாகக் கேட்க, பம்பு வலிந்து உறிஞ்ச, மென்மையான குழாய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்று உறிஞ்சுதல் ஓய்ந்ததும் குழாய் மெல்ல விரிய, பெட்ரோல் மீண்டும் வந்து சேரும். கால் மணி நேர ஓய்வின் மருமம் இதுவே.

அது இயற்கை ரப்பரால் ஆன குழாய். கீரிப்பாறையின் மரங்களில் வடியும் பாலிலிருந்து கிடைப்பதும் அதே இயற்கை ரப்பர்தான். டயருக்கு அதனினும் ஏற்ற பொருள் அரிது. ஆனால் பெட்ரோலுக்கு அது ஆகாது. இயற்கை ரப்பரும் பெட்ரோலும் இரண்டுமே கரியும் நீர்வாயுவும் சேர்ந்த பொருள்களாதலால், பெட்ரோல் ரப்பரின் இழைகளுக்கிடையே எளிதில் புகுந்து அதை வீங்கச் செய்துவிடுகின்றது. இதனாலேயே எரிபொருட் குழாய்களை நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் செய்கின்றார்கள். நாற்பதாண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த அத்தான், அந்தக் குழாயைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நமக்குச் சோறு போட்டது நம்மளையே வழியில நிறுத்திட்டே ஆசானே” என்றார். “அது மேல குத்தம் இல்ல தம்பி, வச்ச இடந்தான் குத்தம்” என்றார் ஆசான்.

புதிய குழாயும் இரண்டு கிளிப்புகளும் ஒரு பில்டரும் சில நூறு ரூபாயில் முடிந்தன.

பழைய வண்டியும் புதிய பெட்ரோலும்

குழாய்களைப் பற்றிய எச்சரிக்கை இன்று முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகின்றது. 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர்களுள் பெரும்பாலானவை, இன்று விற்கப்படும் பெட்ரோலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025-ஆம் ஆண்டில் எட்டியது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயாபிரத்தையும் கெடுக்கக்கூடும். தொட்டியில் நெடுநாள் படிந்த கசடைக் கரைத்துப் பில்டரை அடைக்கும். காற்றின் ஈரத்தை ஈர்க்கும். மேலும், ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. புதிய வண்டிகள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. பழைய கார்புரேட்டரால் அது இயலாது. கலவை மெலிந்து, ஏற்றத்தில் வலுக்குறைவு தோன்றும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் எத்தனாலைத் தாங்கும் குழாயையே கேட்டு வாங்கவேண்டும். கார்புரேட்டரை அறிந்தவரிடம் காட்டிக் கலவையைச் சரிசெய்துகொள்ளவேண்டும். நிறுத்திவைக்கும் வண்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கிவைக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. மக்களின் உடல்நலத்திற்கு அது பெரும் நன்மை. ஆனால் பழைய இரும்பு ஹெட்டுகளில் வால்வின் இருக்கைக்கு அந்த ஈயமே மெத்தை போல் உதவிற்று. அது இல்லாதபோது இருக்கை சிறிது சிறிதாகத் தேய, டேப்பட் இடைவெளி குறைந்து, வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தம் கசியும். தயாரிப்பாளர் குறித்த அளவில் டேப்பட் இடைவெளி உள்ளதா என்று குறித்த காலத்தில் பார்த்துவந்தால், இக்கேட்டை முன்னரே அறியலாம்.

வாசகர்கள் செய்யக்கூடியது

வண்டி வலுவிழந்தால், பழுது பார்க்கும் இடத்திற்குச் செல்லுமுன் ஒரு தாளில் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறை எப்போது தோன்றுகின்றது: குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பின்னா? எங்கே: சமதரையிலா, ஏற்றத்திலா? திடீரென்றா, மெல்ல மெல்லவா? ஓய்வுக்குப்பின் நீங்குகின்றதா? அண்மையில் எந்த உறுப்பை மாற்றினீர்கள்? ஐந்தாவது கேள்வியை எவரும் மறக்கலாகாது. எங்கள் வண்டியின் நோய் அதற்கு முன் செய்த சிகிச்சையிலிருந்தே பிறந்தது.

“இஞ்சினை இறக்கவேண்டும்” என்று யாரேனும் கூறினால், “நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து எழுதித் தாருங்கள்” என்று பணிவோடு கேளுங்கள். அளவு உண்மையாகவே தாழ்ந்திருந்தால், தயங்காமல் இறக்கத்தான் வேண்டும். அப்போது செலவு வீணாகாது. மேலும், ஒரு வேளையில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றச் செய்யுங்கள். ஒன்றாக மூன்றை மாற்றினால், குணமானாலும் எதனால் குணமாயிற்று என்பது தெரியாது.

அன்று விடைபெறும்போது ஆசான் தம் உழைப்புக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். அக்காள் மேசைமேல் இருந்த வளையல்களை எடுத்து மீண்டும் அணிந்துகொண்டு, அவருக்குக் கட்டன்காப்பி போட உள்ளே சென்றார்கள். அதன்பின் ஒரு வாரத்திற்குள், நள்ளிரவில் அத்தான் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மூச்சுத் திணறிய ஒரு முதியவரை ஏற்றிக்கொண்டு வண்டி இறங்கிற்று. விடியும் முன் அவரைச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு, ஏற்றத்தில் எங்கும் நில்லாமல் திரும்பி வந்து முற்றத்தில் நின்றது.